வேலி கேட்டவர்கள்

ஏரிக்கரைப் பூங்காவில் கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்கு வாசலில் முதலில் கிடைப்பது ஓர் இலக்கம். உள்ளே போய் அந்த இலக்கம் எழுதிய கட்டையைத் தேடிப் பிடித்தால், அங்கே ஒரு மர மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், இரண்டு கூடாரம் கொள்ளுமளவுக்குச் சமப்படுத்திய நிலம், சுற்றிவர ஓக் மரங்கள். முந்தைய இரவு அங்கே தூங்கியவர்களின் தடயமாக வளையத்துக்குள் கொஞ்சம் சாம்பல் மட்டும் கிடக்கும். அதையும் கிளறி மண்ணோடு கலந்துவிட்டால், அந்த இடம் நாங்கள் வந்த பிறகுதான் உண்டானது என்று நம்பிவிடலாம். அந்த நம்பிக்கைக்காகத்தான் ஐந்து மாதத்துக்கு முன்பே, காலை ஏழு மணிக்குக் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து சனம் இடம் பிடிக்கிறது. ரொறன்ரோவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருடைய சுவர், யாரோ ஒருவருடைய வாகனத் தரிப்பிடம். இங்கே யாருடையதும் இல்லாத மணல், யாருடையதும் இல்லாத தண்ணீர். என்னை உறுத்துவது இந்த ‘யாருடையதும் இல்லாத’ என்பதுதான். ஹூரோன் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் பைனரி மாகாணப் பூங்காவுக்குக் கோடையில் குடும்பத்தோடு போய்வருகிறோம். ஒவ்வொரு தடவையும் அந்த உறுத்தல் கூடவே வீட்டுக்கு வருகிறது. கூடாரத் துணியை உதறிக் காயப்போட்டு, மடிப்புகளிலிருந்து கொட்டுகிற மணலைக் கூட்டி அள்ளிய பிறகும் அது போவதில்லை.

அந்த நீர்ப்பரப்பை ஏரி என்று சொல்ல, இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. 59,600 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவைவிடக் கொஞ்சம்தான் சிறியது. மறுகரை தெரியாது. மேற்கிலிருந்து காற்று எழும்பினால் அலை மடிந்து மடிந்து வந்து விழும். முதன்முதலாக வருகிற எங்களவர் எவரானாலும் முழங்காலளவு தண்ணீரில் நின்று ஒரு கை அள்ளி உதட்டில் வைத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். உப்பு இல்லை என்பது முன்பே தெரியும். என்றாலும் நாக்கு ஒருமுறை கேட்டுப் பார்க்கிறது. குளித்துவிட்டு வெயிலில் நின்றால் தோல் இறுகாது, கடிக்காது. தலைமயிர் பிசுபிசுக்காது. கடலில் குளித்த உடம்புக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான், குளித்ததற்கு அடையாளமே இல்லாமல் போய்விடுகிறது. தரை மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். இடுப்புவரை போய், நெஞ்சுவரை போய், திடீரென்று மறுபடியும் முழங்காலளவில் ஒரு மணல்மேடு காலில் தட்டும். பிள்ளைகள் அதில் ஏறி நின்று தண்ணீர்மேல் நடப்பதாகக் கத்துவார்கள். அந்த மேடுகளுக்கு நடுவே இருக்கிற வாய்க்கால்கள் வழியாகத்தான் அலை கொண்டுவந்த தண்ணீர் திரும்பிப் போகும். காற்றடிக்கும் நாளில் ஆளை இழுப்பதும் அதே வாய்க்கால்தான். கரையில் நுரை நின்ற கோட்டை ஒட்டி, சில இடங்களில் மணல் கருஞ்சிவப்பாக, ஊதாப் பட்டை விழுந்ததுபோல் கிடக்கும். பாரமான கார்னெற் மணிகளையும் இரும்புத் துகள்களையும் அலை பிரித்தெடுத்து ஒதுக்கிவிட்டுப் போனது அது. மகள் ஒரு காந்தத்தைக் கடதாசியில் சுற்றி அந்தப் பட்டையில் உருட்டினாள். கறுப்புத் துகள்கள் எழும்பி ஒட்டிக்கொண்டன, சிவப்பு அப்படியே கிடந்தது. புல்மோட்டையின் கறுப்பு மணலை நான் அவளுக்குச் சொன்னேன். கடல் எல்லா இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது என்றாள். ஏரி, என்று நான் திருத்தவில்லை.

இந்தப் பூங்கா எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் பிறகு சொல்லப்போவதற்கு எடை இருக்காது. இந்தக் கரையோரமாக வாகனத்தில் போனால், தண்ணீர் இருக்கிறது என்று தெரியும், தண்ணீரைக் காணமுடியாது. மைல் கணக்கில் கோடைக்குடில்கள். ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் தனியார் பாதை, தனியார் கடற்கரை என்று பலகை. அந்தக் குடில்கள் தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகிறவை. நேற்று வந்தவருக்கு, ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு இரண்டு வேலை செய்கிறவருக்கு, தண்ணீருக்குப் போக ஒரேயொரு வாசல் பொதுப் பூங்கா. ஆறு குடும்பம், நாலு வான், அரிசி மூட்டை, பெரிய அலுமினியப் பானை, ஐஸ் பெட்டிக்குள் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிய ஆட்டிறைச்சி. மணலில் முளை நிற்காது. குச்சியில் கயிற்றைக் கட்டிக் குறுக்காகப் புதைத்து மேலே மிதித்துவிடவேண்டும் என்பதைச் சித்தப்பா எல்லாக் குடும்பத்துக்கும் போய்ப் போய்ச் செய்துகாட்டுவார். மாமிமார் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு மடக்குக் கதிரையில் இருப்பார்கள். இரவில் சத்தம் போடக்கூடாது என்பதால் கொத்துரொட்டியைக்கூட மெதுவாகக் கொத்துவோம். அந்த நேரத்தில் இந்த மாகாணம் எங்களுக்கும் கொஞ்சம் சொந்தம் என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்காக எவரையும் குறை சொல்லமாட்டேன். ஊரும் வளவும் பறிபோய் வந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அதே மணல் தெற்கே போகிறது. பூங்காவின் எல்லை தாண்டி, போர்ட் பிராங்ஸ் தாண்டி, ஸ்டோனி பொயின்ற். அதற்கப்பால் கெட்டில் பொயின்ற். அங்கே கறுப்புப் பாறைத் தட்டுகளுக்குள்ளிருந்து உருண்டைக் கற்கள் தண்ணீர் ஓரத்தில் முதுகு காட்டிக் கிடக்கும். 1827இல் ஹூரோன் நிலப்பகுதி ஒப்பந்தத்தில் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் ஏறக்குறைய 21 இலட்சம் ஏக்கரை முடியரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். தங்களுக்கென்று வைத்துக்கொண்ட நாலு துண்டுகளில் இரண்டுதான் ஸ்டோனி பொயின்றும் கெட்டில் பொயின்றும். நாங்கள் கூடாரம் அடிக்கிற நிலம் அந்த 21 இலட்சத்துக்குள் வருகிறது. வைத்துக்கொண்ட துண்டும் நிலைக்கவில்லை. 1928இல் ஸ்டோனி பொயின்றின் ஏரிமுகம் முழுவதும், 377 ஏக்கர், ‘ஒப்படைக்கப்பட்டு’ சார்னியா நகரத்து அரசியல்வாதி ஒருவருக்கு விற்கப்பட்டது. அவரிடமிருந்து 109 ஏக்கரை 1936இல் ஒன்ராறியோ அரசு வாங்கிப் பூங்காவாக்கியது. இப்பர்வாஷ் மாகாணப் பூங்கா. கரைமுழுக்கக் குடில்காரர் கையில் போய்விடுகிறதே, சாதாரணக் குடும்பங்களுக்கும் ஒரு கடற்கரை வேண்டுமே என்ற நியாயம் எல்லாப் பொதுப் பூங்காவுக்கும் உண்டு. மேலே நான் எனக்காகச் சொன்னதும் அதே நியாயந்தான். அங்கேதான் எனக்கு மூச்சு முட்டுகிறது. அந்த நியாயம் பொய்யில்லை. பொய்யில்லாத ஒரு நியாயத்தை வைத்துக்கொண்டு ஒரு சனத்தின் கரையை எடுத்துவிட முடிந்திருக்கிறது.

பூங்கா தொடங்கிய அடுத்த ஆண்டு, 1937இல், அந்த மக்களின் சபை அரசாங்கத்திடம் ஒன்று கேட்டது. பூங்காவுக்குள் எங்கள் முன்னோரைப் புதைத்த இடம் இருக்கிறது, அதற்கு வேலி போட்டுப் பாதுகாத்துத் தாருங்கள். பூங்காவை மூடச் சொல்லவில்லை. நிலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு வேலி. கடிதம் ஒட்டாவாவுக்குப் போய், அங்கிருந்து மாகாண அரசுக்குப் போய், கோப்பில் சேர்ந்தது. வேலி போடவில்லை. ஆறு தசாப்தம் அந்த மணலில் சனம் கூடாரம் அடித்தது, பந்து விளையாடியது, வெயிலில் படுத்தது. நான் அந்த மனிதர்களைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். வாசலில் இலக்கம் வாங்கிக்கொண்டு போனவர்கள், சாம்பலைக் கிளறியவர்கள், பிள்ளைக்கு நீச்சல் பழக்கியவர்கள். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லியிருக்க வேண்டிய ஒரேயொரு பொருள், அந்த வேலி, அங்கே இல்லை. ஒரு மேசையைக் கொண்டுபோய்ப் போட்டதும் நிலம் மேசைக்குரிய இடமாகிவிடுகிறது. பூங்கா என்பது அந்த வகையில் மிகவும் சாந்தமான மறதி. பைனரியின் ஓக் காடுகூட அப்படித்தான். தானாக முளைத்த கன்னிக்காடு போலத் தெரிகிற இந்த வெளிச்சமான சவன்னா, பூர்வகுடிகள் காலங்காலமாகத் தீ வைத்துப் பராமரித்த நிலவகையைச் சேர்ந்தது. தீ நின்றதும் மரம் அடர்ந்து சவன்னா அழியத் தொடங்கியது. இப்போது பூங்கா ஊழியர்கள் நாள்பார்த்து, காற்றுப்பார்த்து, திட்டமிட்டு எரிக்கிறார்கள். நாங்கள் ‘இயற்கை’ என்று பார்த்து மூச்சு விடுகிற இடத்தில் யாரோ வேலைசெய்த கை இருக்கிறது.

1942 ஏப்ரலில், போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தின்கீழ், மிச்சமிருந்த ஸ்டோனி பொயின்றும் போனது. இராணுவப் பயிற்சிக்கு 2,240 ஏக்கர், இழப்பீடாக 50,000 டொலர். மக்கள் வாக்களித்து 59க்கு 13 என்று மறுத்த பிறகும் எடுத்தார்கள். போர் முடிந்து தேவையில்லை என்றால் திருப்பித் தருவோம் என்றார்கள். சில வீடுகளைப் பெயர்த்து இழுத்துக்கொண்டுபோய்க் கெட்டில் பொயின்றில் வைத்தார்கள், சிலவற்றை இடித்தார்கள். அவர்களுடைய மயானம் முகாமுக்குள் அகப்பட்டது. கனடாவின் சீருடையில் ஐரோப்பாவில் போரிட்டுத் திரும்பிய ஆண்கள், வீடு இருந்த இடத்தில் கம்பிவேலியைக் கண்டார்கள். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் பிறந்த ஒருவருக்கு இதை விளக்கவேண்டிய அவசியமே இல்லை. 1990 ஜூனில் நாங்கள் வெளியேறியபோது இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று பெரியவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். இராணுவம் பிடித்த அந்த நிலத்துக்கு உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயர் பிறகு வந்தது. ஒப்பிடலாமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவர்களை அகற்றியது 1942இல் ஒரு கட்டளை. எங்களை அகற்றியது விமானமும் ஷெல்லும். அவர்களுடைய நிலத்தை எடுத்த அரசு எனக்கு வதிவிட உரிமை தந்த அரசு. ஆகவே அவர்கள் துக்கத்தை எங்கள் துக்கத்தோடு ஒட்டித் தைத்து, நாங்களும் நீங்களும் ஒன்று என்று சொல்லிக்கொள்வது வசதியான பொய்யாகிவிடும். ஆனால் ஒப்பிடாமல் இருப்பதும் எனக்கு முடியவில்லை. திறப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு செத்துப்போன ஒரு தகப்பனின் மகன், இன்னொருவருடைய கரையில் வரிசையில் நின்று இலக்கம் வாங்குகிறான். இதைப் பார்க்காமல் எப்படித் தண்ணீருக்குள் இறங்குவது?

ஸ்டோனி பொயின்றில் முகாமும் பூங்காவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டும் ஒரே மக்களின் நிலம். முகாமைப் பார்த்த எவருக்கும் அது பறித்தது என்று தெரியும். கம்பி சொல்லும், காவலரண் சொல்லும், சுடுகளத்தின் சத்தம் சொல்லும். பக்கத்தில் பூங்கா சிரித்த முகத்தோடு இருந்தது. அங்கே வந்தவர்கள் நன்றியோடு வீட்டுக்குப் போனார்கள். முகாம் எடுத்த நிலத்தை என்றோ ஒருநாள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சாவது இருந்தது. பூங்கா எடுத்த நிலத்தைப் பற்றி அந்தப் பேச்சுகூட எழவில்லை, ஏனென்றால் அதை எடுத்ததாகவே யாரும் நினைக்கவில்லை. முகாமை எதிர்த்து நிற்கிறவனுக்கு ஓர் எதிரி இருக்கிறான். பூங்காவை எதிர்த்து நிற்கிறவனுக்கு முன்னால் வாளியும் கரண்டியுமாக ஒரு சின்னப் பிள்ளை நிற்கிறது. போர் முடிந்த பிறகு இலங்கை இராணுவத்துக்கும் இது விளங்கியிருக்க வேண்டும். காங்கேசன்துறையில் மக்கள் போகமுடியாத வலயத்துக்குள் தல்செவன என்று கடலோர விடுதி ஒன்றை இராணுவம் நடத்தியது. நந்திக்கடல் ஓரத்திலும் விருந்தினர் மாளிகை எழுந்தது. காவலரண் இருந்தவரைக்கும் அது ஆக்கிரமிப்பு. கடல் பார்த்த அறையும் மீன்பொரியலும் வந்த பிறகு அது சுற்றுலா. தெற்கிலிருந்து பேருந்தில் வந்து இறங்கிக் குளித்துவிட்டுப் போன குடும்பங்களை நான் வெறுத்ததுண்டு. அந்த வெறுப்பை இப்போது மறுபடியும் எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. அவர்களும் வெயிலுக்குத் தண்ணீர் தேடி வந்தவர்கள்தான். அவர்களிடம் நான் எதிர்பார்த்தது என்ன? குளிக்காமல் திரும்பிப் போவதையா? இல்லை. இது யாருடைய ஊர் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம் என்பதை மட்டும்.

பெரியம்மா கூடாரத்துக்குள் படுக்கமாட்டார். முதல்முறை கூட்டிக்கொண்டு போனபோது எல்லாக் கூடாரத்தையும் அடித்து முடித்து, அவருக்கென்று காற்றூதிய மெத்தை போட்டு, மகள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். வாசல் சிப்பைத் திறந்ததும் உள்ளே அடைபட்டிருந்த வெக்கையும் பிளாஸ்ரிக் மணமும் முகத்தில் அடித்தன. பெரியம்மா வாசலிலேயே நின்றார். “கூடாரத்துக்குள்ளை நான் படுக்கமாட்டன், தம்பி. வானுக்குள்ளையே சாய்ஞ்சு கிடக்கிறன்,” என்றார். கோபமோ அழுகையோ இல்லை, கத்தரிக்காய் வேண்டாம் என்று சொல்கிற குரல். அவர் வன்னி முழுக்க நடந்தவர். போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் கூறைச்சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்தவர். பிறகு மெனிக் பாம் அகதி முகாமில் வெள்ளைக் கூடாரத்துக்குள், வேறொரு குடும்பத்தோடு, மழைக்காலம் வரைக்கும் இருந்தவர். வாசலில் கட்டையில் இலக்கம் எழுதியிருந்ததையும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் வாகனம் ஓடி, பணம் கட்டி, தரையில் படுத்து, பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து, கழிப்பறைக்கு வரிசையில் நிற்பதை விடுமுறை என்று சொல்வதற்கு ஒரு மனிதருக்கு முதலில் வீடு நிச்சயமாக இருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு அது இருக்கிறது. அவர்களுக்குக் கூடாரம் விளையாட்டாகிப்போனது எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த வெற்றி என்றே நான் நினைக்கிறேன், அதைக் கெடுக்க விரும்பவில்லை. ஆனாலும் பெரியம்மா வானுக்குள் கால் மடக்கிப் படுத்திருக்கும்போது அந்த வெற்றியைப் பற்றிப் பெரிதாகப் பேச வராது.

கூடாரத்தை வேறொன்றுக்கும் பாவிக்கலாம். 1993 மே மாதம், ஸ்டோனி பொயின்ற் மக்கள் முகாமின் சுடுகளத்துக்குள் போய்க் கூடாரம் அடித்தார்கள். ஐம்பது வருடம் காத்திருந்துவிட்டோம், இனிப் போகமாட்டோம் என்றார்கள். பெரியவர்கள் சிலர் தாங்கள் பிறந்த இடத்திலேயே பாய்விரித்தார்கள். 2017 தொடக்கத்தில் கேப்பாப்பிலவில், நந்திக்கடலுக்குப் பக்கத்தில், பிலக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாமின் வாசலில் தறப்பாள் கட்டிப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளியே வந்தவர்களில் கேப்பாப்பிலவு மக்களும் இருந்தார்கள். அப்போதும் அவர்களை ஊருக்கு விடவில்லை. ஒரு மாதம் வீதியில் கிடந்து பிலக்குடியிருப்பை மட்டும் மீட்டார்கள். இரண்டு இடத்திலும் கூடாரத்தின் வேலை ஒன்றுதான்: நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று காட்டுவது. எங்களுடைய கோடைக் கூடாரம் சொல்வது அதற்கு நேரெதிர். ஞாயிறு இரண்டு மணிக்கு முன் கழற்றிவிடுவோம், ஒரு தடயமும் விடமாட்டோம் என்று அது முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது.

1995 செப்டெம்பர் 4 தொழிலாளர் தினம். கோடைக்காலத்தின் கடைசி நாள் என்று எல்லோரும் கணக்கு வைப்பது அதைத்தான். இப்பர்வாஷ் பூங்காவும் அன்று பருவம் முடிந்து மூடப்பட்டது. முகாமைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்த மக்கள் அன்று மாலைதான் பூங்காவுக்குள் போனார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் கூடாரத்தைக் கழற்றி, ஐஸ் பெட்டியை ஏற்றி, போய் முடியும்வரைக்கும் காத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்பு என் மனதிலிருந்து அகலுவதில்லை. 1928இலிருந்து கணக்குப் பார்த்தால் 67 வருடம். அதற்குமேலும் ஒரு நீண்ட வார இறுதி பொறுத்திருக்கிறார்கள், எவருடைய பிள்ளையும் பயந்துவிடக்கூடாது என்று. இரண்டு நாள் கழித்து, 6ஆம் திகதி இரவு, கலகத் தடுப்புப் பொலிசார் அணிவகுத்து வந்தார்கள். 38 வயதான டட்லி ஜோர்ஜ் சுடப்பட்டார். அவர் கையில் ஆயுதம் இல்லை என்று பிறகு நீதிமன்றம் சொன்னது, சுட்ட அதிகாரியைக் குற்றவாளி என்று கண்டது, சிறைக்கு அனுப்பவில்லை. சகோதரனும் சகோதரியும் அவரைக் காரில் போட்டுக்கொண்டு ஸ்ட்ராத்ரோய் மருத்துவமனைக்கு ஓடினார்கள். வழியில் சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது, அப்படியே ஓட்டினார்கள். வாசலில் இருவரையும் கைதுசெய்தார்கள். அந்தக் கோப்பில் இருந்த 1937ஆம் ஆண்டுக் கடிதங்கள் அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தன. சில பொலிசார் அந்த நடவடிக்கையின் ஞாபகார்த்தமாக அம்பு பதித்த கோப்பைகளும் ரீசேர்ட்டுகளும் அடித்துக்கொண்டார்கள். பூங்காக் கடையில் வாங்குகிற நினைவுப்பொருளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. வரவேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சாவை விசாரிக்கும் ஆணையத்துக்கே எட்டு வருடம் போராட வேண்டியிருந்தது. டட்லியின் அண்ணன் சாம் ஜோர்ஜ் அதற்காகவே அந்த வருடங்களைக் கொடுத்தார். நீதியரசர் சிட்னி லிண்டனின் அறிக்கை 2007 மே 31 அன்று வந்தது. இந்தியர்களைப் பூங்காவைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று அன்றைய மாகாண முதல்வர் வசைச்சொல்லோடு சொன்னார் என்று ஆணையம் முடிவுசெய்தது. பூங்காவைவிட்டு என்பதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தங்கள் மயானத்தைவிட்டு என்று அந்த வாயில் வந்திருக்க முடியாது. பூங்காவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றார் லிண்டன். 2009 மே 28 அன்று கையெழுத்தானது. ஆறு நாள் கழித்து சாம் ஜோர்ஜ் இறந்துபோனார். முகாம் நிலத்துக்கான உடன்படிக்கை 2016இல். நிலத்துக்கடியில் வெடிக்காத குண்டுகளைத் தேடித் தேடி எடுக்கிறார்கள். இதுவும் எங்களுக்குப் பழக்கமான வேலை. 2017 ஜூலையில் எங்கள் வலிகாமம் வடக்கில் மயிலிட்டி இறங்குதுறையும் சுற்றியிருந்த 54 ஏக்கரும் விடப்பட்டபோது, 27 வருடம் கழித்துப் போனவர்களுக்கு எல்லை தெரியவில்லை. பனையும் இல்லை, வேலியும் இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. யாருடைய வளவு எங்கே முடிந்து யாருடையது தொடங்கியது என்று வயதானவர்கள் காலால் அளந்தார்கள். அந்தப் பெரியவர்கள் இல்லாத குடும்பங்கள் நின்று பார்த்தன.

சென்ற ஆடியில் நாங்கள் பைனரியில் இருந்த நாட்களுக்குள் அமாவாசை வந்தது. எங்கள் ஊரில் தகப்பன் இல்லாதவர்கள் அன்று கீரிமலைக்குப் போவார்கள். கடலை ஒட்டினாற்போல நல்ல தண்ணீர்க் கேணி. எள்ளும் தண்ணீரும் இறைத்துக் கடலில் முழுகி வந்த பெரியவர்கள் படியில் ஈரவேட்டியோடு நிற்க, பக்கத்திலேயே பெடியள் கட்டிலிருந்து கேணிக்குள் குதிப்பார்கள். செத்தவருக்கான தண்ணீரும் விளையாடுகிற தண்ணீரும் ஒன்றுதான். எவரும் எவரையும் அதட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கேணிக்கும் பல வருடங்கள் இராணுவத்திடம் அனுமதி பெற்றுத்தான் போகமுடிந்தது. ஸ்டோனி பொயின்ற் மக்கள் 1937இல் கேட்டது இப்படி ஒரு கரையைத்தான் என்று எனக்குப் படுகிறது. குளிக்கிறவர்கள் குளிக்கட்டும், கிடப்பவர்கள் கிடக்கட்டும், நடுவே ஒரு வேலி. அன்று காலை பெரியம்மா வானிலிருந்து இறங்கி வந்து, “தம்பி, உங்கடை அப்பாவுக்கு இந்த ஏரியிலை எள்ளுத்தண்ணி இறைக்கலாமோ?” என்று கேட்டார். நல்ல தண்ணீர்தானே, இறைக்கலாம் என்றேன். “ஆரிட்டைக் கேக்கவேணும்?” பூங்கா அலுவலகத்தில் ஒரு சொல்லுச் சொன்னால் போதும் என்றார் சித்தப்பா. பெரியம்மா தலையாட்டவில்லை. “அவையள் சம்பளத்துக்கு நிக்கிற ஆக்கள். இஞ்சத்தை ஊர்ச்சனம் ஆர்?” என்றார். கெட்டில் பொயின்ற் அங்கிருந்து அரை மணி நேர ஓட்டம். அப்படிப் போய்க் கேட்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இருக்கும்: யாரிடம், என்ன கொண்டுபோய், எப்படிக் கேட்பது என்று. அதை அறிந்துகொண்டு போகவேண்டும், சும்மா போய் வாசலில் நிற்கக்கூடாது என்றேன். அப்போ அறிஞ்சுபோட்டு வாங்கோ, அதுவரைக்கும் எள்ளு இருக்கட்டும் என்று பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார். அடுத்த ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அந்த மக்களின் நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். எங்களை யார் என்று சொல்வதிலிருந்துதான் அதைத் தொடங்கவேண்டியிருக்கிறது.